மெலிந்த தடுப்புச்சுவர் உள்ள ஷவர் மூலையில் டைல்ஸை எப்படி மாற்றுவது?

தடுப்புச்சுவர் என்பது கூரையின் பாரத்தைத் தாங்காமல், அறையைப் பிரிப்பதற்காக மட்டும் எழுப்பப்படும் சுவர். செங்கோட்டை, களியக்காவிளைப் பக்கத்து வீடுகளில் இது 4½ அங்குலச் செங்கல் சுவராகவோ, பிற்காலத்தில் சேர்த்த குளியலறைகளில் சிமென்ட் பலகையாகவோ ஜிப்சம் பலகையாகவோ இருக்கலாம்.

இத்தகைய சுவரில் எடையைவிட அசைவுதான் பெரிய சிக்கல். டைல் வளையாது, சுவரோ கதவை அறைந்து சாத்தும்போதெல்லாம் சற்றே அதிரும். முறத்தில் பூசிய வெந்தய மெழுக்கு, முறம் வளைந்தால் வெடித்து உதிர்வதைப் போல, டைல்களுக்கு இடையிலான இணைப்புகளில் மயிரிழை விரிசல் விழுந்து தண்ணீர் உள்ளே இறங்குகிறது. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெய்யும் இப்பகுதியில், ஒருமுறை ஊறிய சுவர் எளிதில் காய்வதில்லை.

ஆகவே பழைய டைலைச் சம்மட்டியால் அடித்துப் பெயர்க்காதீர்கள். முதலில் இணைப்புகளைக் கட்டரால் அறுத்துவிட்டு, உளியைச் சாய்த்துப் பிடித்து, ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக நெம்பி எடுக்க வேண்டும். பின்னர் விரலை மடக்கிச் சுவரைத் தட்டிப் பாருங்கள்: தொம்மென்று ஒலிக்கும் இடத்தில் பூச்சு செங்கல்லை விட்டு விலகியிருக்கும், அதை நீக்கியே ஆக வேண்டும். ஊறி உப்பிய ஜிப்சம் பலகையைக் காயவைத்துப் பயன்படுத்துவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அதைக் கழற்றிவிட்டுச் சிமென்ட் பலகையைப் பொருத்துங்கள். அதன்மேல் நீர்க்காப்புப் பூச்சு இரண்டு கை, டைல் பசை, மூலைகளில் சிமென்டுக்குப் பதிலாக வளைந்துகொடுக்கும் சிலிகோன் பசை.

டைல் ஒட்டினாலே சுவர் நனையாது என்று பலர் நம்புகிறார்கள். இடுக்குகளில் நிரப்பும் சிமென்ட் ஈரத்தை உள்ளே விடும் என்பதால், தண்ணீரை உண்மையில் தடுப்பது டைலுக்குப் பின்னாலுள்ள நீர்க்காப்புப் பூச்சுதான்.