அரச குடும்பத்தில் பிறந்து கார் பந்தய வீரர் ஆனவர் உண்டா? பணம் இருந்ததால்தான் ஜெயித்தாரா?

உண்டு. நான் ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்: சயாம் (இன்றைய தாய்லாந்து) இளவரசர் பீரா. அவருக்குக் கார் கிடைத்தது பணத்தால்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் காரை வைத்து அவர் செய்தது பணத்தால் ஆகிற காரியம் இல்லை.

2019ல் தாய்லாந்து வீரர் அலெக்ஸ் ஆல்பன் ஃபார்முலா 1-க்கு வந்தபோது, அவருக்கு முன்னால் தாய்லாந்துக்காக அங்கே ஓட்டியவர் ஒரே ஒருவர்தான், அதுவும் 1954ஆம் ஆண்டோடு சரி என்று தெரிந்துகொண்டேன். யார் அது என்று தேடினேன். அவருடைய பந்தயக் கார்களில் ஒன்றின் பெயர் ஹனுமான் என்று பார்த்ததும் மனுஷனை விட முடியவில்லை. தாய்லாந்தின் ராமகியன் நம் ராமாயணம்தானே.

அவர் முழுப்பெயர் பீரபோங்சே பானுதேஜ். வடமொழி வேரோடு படித்தால் வீரவம்ச பானுதேஜன். 1914ல் பாங்காக்கில் பிறந்தார். சயாமின் மோங்குட் மன்னரின் பேரன். பதின்மூன்று வயதில் இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளிக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டே அப்பா இறந்துவிட, அவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இளவரசர் சூலாவிடம் வந்தது. ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் இவர்கள் இருவரையும் 'கசின்' என்று முடித்துவிடுகிறார்கள். சூலாவின் தாத்தாவும் பீராவின் அப்பாவும் உடன்பிறந்தவர்கள். ஆக நம் முறைப்படி பீரா, சூலாவுக்குச் சித்தப்பா! வயதில் சூலா ஆறு ஆண்டு மூத்தவர். மகன் முறை உள்ளவர்தான் சித்தப்பாவை ஆளாக்கினார்.

பீராவின் முதல் ஆசை சிற்பம். சார்லஸ் வீலர் என்ற சிற்பியிடம் முறையாகக் கற்றார். 1935ல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் ஒரு சின்ன ரைலி காரோடு இறங்கினார். இளவரசர் என்ற அடைமொழியைத் தவிர்த்து, பட்டியலில் 'பி. பீரா' என்றுதான் பெயர் கொடுத்தார். அந்த ஆண்டு அவருடைய 21வது பிறந்தநாளுக்கு சூலா கொடுத்த பரிசு ஈ.ஆர்.ஏ. என்ற ஆங்கிலேயப் பந்தயக் கார். ஆறு சிலிண்டர், 1500 சிசி, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் சூப்பர்சார்ஜர் பூட்டியது. அதற்கு ரோமுலஸ் என்று பெயர் வைத்தார்கள். அடுத்து வாங்கியது ரெமுஸ், மூன்றாவதுதான் ஹனுமான். சும்மா பரிசு வாங்கி நிறுத்திவைத்த பிள்ளை இல்லை இவர். ரோமுலஸோடு இறங்கிய முதல் பந்தயத்திலேயே, பிரான்ஸின் தியெப்பில், இரண்டாவதாக வந்தார்.

இதில் சூலாவின் பங்கைச் சொல்லாவிட்டால் பதில் பாதிதான். அவருடைய செல்லப் பெயர் 'நூ'. தாய்லாந்து மொழியில் எலி. அதனால் அணியின் பெயர் வெள்ளை எலி லாயம், காரின் பக்கத்தில் ஒரு வெள்ளை எலிப் படம். மற்ற தனியார் அணிகள் பெரும்பாலும் விடுமுறைப் பொழுதுபோக்கு மாதிரி நடந்த காலத்தில், சூலா ஒரு அலுவலகம் நடத்துவதுபோல அணியை நடத்தினார். நேரக் கணக்கு, பிட்டில் (தடத்தின் ஓரம் அணி நிற்கும் இடத்தில்) இருந்து ஓட்டுநருக்குக் காட்டும் சைகை, பயணத் திட்டம் எல்லாம் அவர் பொறுப்பு. பீரா ஓட்டுவதை மட்டும் கவனித்தால் போதும் என்ற நிலையை உண்டாக்கிக் கொடுத்தார்.

பலன் சீக்கிரமே வந்தது. 1936ல் மொனாக்கோவில், பெரிய பந்தயத்துக்கு முந்தின நாள் நடந்த ரெய்னியர் கோப்பையை ரோமுலஸில் வென்றார். பிரிட்டனின் பந்தய ஓட்டுநர் சங்கம் தரும் தங்க நட்சத்திர விருதை 1936, 1937, 1938 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வாங்கினார். ஒன்று சொல்ல வேண்டும்: இவர் அதிகம் ஜெயித்தது ஜெர்மனியின் பெரிய அணிகளான மெர்சிடிஸ், ஆட்டோ யூனியன் ஓடிய முதல் வரிசைப் பந்தயங்களில் இல்லை, அதற்கு ஒரு படி கீழே. ஆனால் அந்தப் படியிலும் கூட்டம் அதிகம், கெட்டிக்காரர்கள் அதிகம்.

இடையில் சிற்பத்தையும் விடவில்லை. 1937ல் பிரான்ஸின் லெ மான்ஸ் பந்தயத்தில் இறந்துபோன சக வீரர் பாட் ஃபேர்ஃபீல்டுக்கு இங்கிலாந்தின் டோனிங்டன் பந்தயத் தடத்தில் உள்ள நினைவுச் சிற்பம் பீரா செய்ததுதான். இந்த ஒரு செய்திக்காகவே எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

1939 டிசம்பரில் பாங்காக்கிலேயே ஒரு கிராண்ட் பிரி நடத்தத் திட்டம் போட்டிருந்தார்கள். போர் வந்து எல்லாம் போயிற்று. ஊர்க்காரர்கள் கண்முன்னே ரோமுலஸ் ஓடியிருந்தால் எப்படி இருந்திருக்கும்!

போருக்குப் பின் சில ஆண்டுகளில் சூலா பந்தயத்திலிருந்து விலகினார். பீராவின் வேகம் குறையவில்லை, பின்னால் இருந்த ஏற்பாடுதான் குறைந்தது என்பது என் எண்ணம். 1950 மே 13, இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன், ஃபார்முலா 1 உலக சாம்பியன்ஷிப்பின் முதல் பந்தயம். பந்தயம் தொடங்கும் வரிசையில் முதல் நான்கு இடங்களில் நான்கு ஆல்ஃபா ரோமியோ கார்கள் நின்றன. ஐந்தாவது இடத்தில் மசெராட்டி காரோடு பீரா. அந்தப் பந்தயத்தை முடிக்க முடியவில்லை. ஆனால் அடுத்த மாதம் சுவிட்சர்லாந்தில் நான்காவது இடம், 1954ல் பிரான்ஸில் மறுபடி நான்காவது இடம். உலக சாம்பியன்ஷிப்பில் மொத்தம் 19 பந்தயங்கள், 8 புள்ளிகள். 1955 தொடக்கத்தில் நியூசிலாந்து கிராண்ட் பிரியைத் தன் சொந்த மசெராட்டி 250எஃப்-இல் வென்றார். அந்த ஆண்டே பந்தயத்தை விட்டார்.

அப்புறம் பாய்மரப் படகு. 1956, 1960, 1964, 1972 என்று நான்கு ஒலிம்பிக்கில் தாய்லாந்துக்காகக் கலந்துகொண்டார். பதக்கம் இல்லை. விமானமும் ஓட்டுவார். 1952ல் தன் சொந்தச் சின்ன இரட்டை எஞ்சின் விமானத்தில் லண்டனிலிருந்து பாங்காக்குக்கே போயிருக்கிறார்.

1985 டிசம்பர் 23 அன்று லண்டனில் பரன்ஸ் கோர்ட் சுரங்க ரயில் நிலையத்தில் மாரடைப்பால் விழுந்து இறந்தார். வயது 71. யார் என்று காட்ட அவரிடம் ஒரு அடையாள அட்டைகூட இல்லை. இருந்தது தாய்லாந்து மொழியில் கையால் எழுதிய ஒரு கடிதம் மட்டும். அதைப் படிக்கத் தெரிந்தவர்களிடம் காட்டிய பிறகுதான் இறந்தவர் இளவரசர் பீரா என்று தெரிந்தது.