கருப்பு வெள்ளையில், தண்ணீர் ஓரம் வாலை ஆட்டிக்கொண்டே பாடும் குருவி எது?

காட்பாடி பக்கம் ஏரிக்கரையில் மே மாதம் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த மாதத்தையும் நீங்கள் சொன்ன வாலாட்டலையும் சேர்த்துப் பார்த்தால், அது வெண்புருவ வாலாட்டிதான். ஏற்கெனவே ஒருவர் வெள்ளை வாலாட்டி என்றும், இன்னொருவர் குண்டுகரிச்சான் என்றும் அடித்துச் சொல்லியிருப்பதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

வெள்ளை வாலாட்டி குளிருக்கு வந்து, கோடை முற்றுவதற்குள் வடக்கே கிளம்பிவிடும். அதற்கு நெற்றி வெள்ளை, முதுகு சாம்பல். இதற்கோ நெற்றி, முதுகு, மார்பு எல்லாமே கருப்பு. அலகிலிருந்து கண்ணுக்கு மேலாக ஒரு வெள்ளைக் கோடு. வருஷம் முழுக்க இங்கேயே இருக்கும். வாலாட்டிகளிலேயே பெரியது, 21 செ.மீ. வரும். குண்டுகரிச்சானுக்குப் புருவமே கிடையாது. வாலைத் தூக்கி நிறுத்தும், தத்தித் தத்திப் போகும். இது ஓடும்.

எனக்கு ஏன் இவ்வளவு ரோஷம்? குடியாத்தம் பக்கம் எங்கள் பம்ப் செட்டு ரூம் சுவரில் செங்கல் பெயர்ந்த பொந்து ஒன்று இருந்தது. வருஷா வருஷம் அதில் ஒரு ஜோடி கூடு கட்டும். விடிகாலையில் மோட்டார் போடப் போனால் ஆண் கூரை மேல் நின்று உரக்கப் பாடிக்கொண்டிருக்கும். பெண்ணுக்குக் கருப்பு கொஞ்சம் சாயம் போன மாதிரி இருக்கும். தொட்டி விளிம்பில் ஓடி ஓடிப் பூச்சி பிடிக்கும். அலகு நிறைய ஈயும் தட்டானும் சேர்ந்த பிறகும் நேரே பொந்துக்குப் போகாது. நாம் பார்த்துக்கொண்டிருந்தால் வரப்பில் இறங்கி, ஒன்றும் தெரியாத மாதிரி வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். நாம் முகத்தைத் திருப்பினால்தான் உள்ளே நுழையும். அதற்காகவே அப்பா அந்தச் சுவரைப் பூசவிடவில்லை.

இப்போது ரூமும் இல்லை, கிணறும் இல்லை. அப்பா போனபின், கிணறு பொதுவில் இருக்கட்டும் என்று பெரியவர்கள் முன்னால் பேசி முடித்தோம். பங்காளி ஒருவர் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தூர்த்து மனை போட்டுவிட்டார். பாகப் பத்திரத்தில் 'கிணற்றில் சரிபாதி பாத்தியம்' என்று தெளிவாக இருக்கிறது. கேட்டால் நான் சொத்துக்கு அலைகிறேனாம்! கல்யாணப் பத்திரிகை வைக்க மட்டும் வீடு தெரிகிறது.

சரி, அது வேறு கதை. நான் பறவை ஆராய்ச்சி படித்தவன் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் செயலியில் படத்தைப் போட்டு வந்த முதல் பெயரை இங்கே ஒட்டுகிறவர்கள், பார்த்த மாதத்தையாவது படித்துவிட்டு ஒட்டலாம். 'உங்களிடம் படம் இருக்கிறதா' என்று கேட்கப்போகிறவர்களுக்கு: அப்போது எங்கள் வீட்டில் இருந்தது பட்டன் போன்.