தேய்மானம் கை படும் இடத்தில் தொடங்கட்டும்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம், சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். காஸ்ப்ளேவுக்காக (கதாபாத்திரம் போல வேஷம் போடுவதற்காக) ஒரு விண்வெளித் துப்பாக்கியை பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் 3டி பிரின்ட் எடுத்தேன். வெள்ளி ஸ்ப்ரே அடித்ததும் மேலே பால் படிந்தாற்போல் வெளுத்துவிட்டது. கறுப்பு பெயின்ட் தெளித்தால் அழுக்குப் பொம்மை மாதிரி இருக்கிறது. பல வருடம் உழைத்த ஆயுதமாக இதை மாற்ற முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். வெளுப்புக்குக் காரணம் ஈரக்காற்று. ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, அதில் படியும் ஈரம் பெயின்ட் படலத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. டர்பன் கோடையில் இது சகஜம். ஜூன், ஜூலை வறண்ட நாட்களில், வெயில் ஏறிய பிறகு, மாஸ்க் போட்டுக்கொண்டு வெளியில் வைத்து மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள்.

இப்போதுள்ள பூச்சை 220, பிறகு 400 நம்பர் உப்புத்தாளால் தண்ணீர் தொட்டுத் தேய்த்து எடுங்கள். உலர்வாகத் தேய்த்தால் பிஎல்ஏ சூடேறி இழுபடும். பிரின்ட் கோடுகள் மறையும்வரை ஃபில்லர் ப்ரைமர் (பள்ளங்களை நிரப்பும் அடிப்பூச்சு) அடித்து, மறுபடி தேய்க்க வேண்டும். பொறுமை அதிகம் தேவைப்படுவது இங்கேதான். கோடு தெரிந்தால் எந்தப் பூச்சும் அதை உலோகமாகக் காட்டாது. அடுத்து பளபளக்கும் கறுப்பு, அது நன்கு காய்ந்ததும் மெல்லிய வெள்ளி, அதன்மேல் கிளியர் வார்னிஷ்.

இனி வார்னிஷ் மேல் ஹேர்ஸ்ப்ரே அடித்து உலரவிட்டு, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் அடர்சாம்பலைப் பூசுங்கள். தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் நீரில் நனைத்த முரட்டு பிரஷ்ஷால் ஓரங்களைத் தேய்த்தால், ஹேர்ஸ்ப்ரே கரைந்து மேல்பூச்சு உதிரும், உள்ளே இருக்கும் வெள்ளி தெரியும்.

எங்கே தேய்ப்பது? 1977-ல் வந்த ஸ்டார் வார்ஸில் ஹான் சோலோ வைத்திருந்த துப்பாக்கி, மௌசர் சி96 என்ற நிஜமான ஜெர்மன் கைத்துப்பாக்கியை அடிப்படையாக வைத்துச் செய்தது. பழைய மௌசர்களின் படங்களைத் தேடிப் பாருங்கள். பிடியைச் சுற்றி, உறையில் உரசும் குழல் நுனி, விரல் தொடும் விசைகள், கூரான விளிம்புகள் இங்கெல்லாம் நிறம் போயிருக்கும். பள்ளங்களில் அப்படியே இருக்கும். நீங்கள் தெளித்த கறுப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழுந்ததால்தான் அழுக்காகத் தெரிந்தது.

கறுப்பும் பழுப்பும் கலந்து நீர்த்த அக்ரிலிக்கைப் பள்ளங்களில் ஓடவிட்டு, உடனே துணியால் மேலிருந்து கீழாகத் துடையுங்கள். துரு வேண்டுமென்றால் இரும்பாகத் தோன்றும் பாகத்தில் மட்டும் வையுங்கள். அலுமினியம் செம்பழுப்பாகத் துருப்பிடிக்காது. கதிர் பாயும் துப்பாக்கிக்கு வெடிமருந்துப் புகைக்கறை பொருந்தாது, சூடுபட்ட எஃகின் நிறங்கள் அழகாகப் பொருந்தும். எஃகு சுமார் 230 டிகிரி செல்சியஸில் வைக்கோல் மஞ்சளாகும், 280-ஐ ஒட்டி ஊதா, 300-ஐ ஒட்டி நீலம். அதனால் அதிகச் சூடு படும் குழல் வாயில் நீலம், பின்னால் ஊதா, அப்புறம் மஞ்சள் என்று ஒளி ஊடுருவும் நீர்த்த பூச்சுகளாக மங்கவிடுங்கள். எனக்குப் பிடித்த கட்டம் இதுதான்.

பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் அடித்து முடித்த பிறகு 6பி என்ற மென்மையான, கருமையான பென்சிலை உரசிய தூளை விரலால் விளிம்புகளில் தேயுங்கள். முன்பே தேய்த்தால் வார்னிஷ் அந்த மினுமினுப்பைக் கொன்றுவிடும்.

வேலை முடிந்ததும் காரில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். பிஎல்ஏ 60 டிகிரியை ஒட்டி இளகி வளைந்துவிடும். தெருவில் மூடிய பையில்தான் கொண்டு போக வேண்டும். தென்னாப்பிரிக்காவின் 2000-ஆம் ஆண்டு துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, துப்பாக்கி என்று நம்பவைக்கக்கூடிய எதையும் தக்க காரணமின்றி ஒருவரை நோக்கி நீட்டுவது குற்றம்.