மேசையில் வேலை செய்யுது, றோட்டில் விடுபடுது

கேள்வி: இரண்டு கார்கள் தங்கள் இடத்தையும் வேகத்தையும் ஒன்றுக்கொன்று அறிவிக்க ஈ.எஸ்.பி.32 என்ற சிறு கணினிப் பலகைகளில், றவுட்டர் இல்லாமல் பலகைக்குப் பலகை நேரே கம்பியின்றிப் பேசும் ஈ.எஸ்.பி.-நவ் முறையைப் பயன்படுத்துகிறோம். அன்ரனாக்கள் கூரையில், 1.5 மீற்றர் உயரத்தில். முல்லைத்தீவு வீதியில் 35 மீற்றரளவில் தகவல் விடுபட்டு, 60 மீற்றரில் திரும்ப வருகிறது. நிரலில் பிழையா? (மாணவர், மாங்குளம்)

பதில்: நிரலைக் கிண்ட முதல் றோட்டைப் பாருங்கள். நேரே போகும் அலையும் தாரில் பட்டுத் தெறிக்கும் அலையும் சில தூரங்களில் ஒன்றையொன்று பெருமளவு அழித்துவிடும். இந்த முறை பயன்படுத்தும் 2.4 கிகாஹேர்ட்சில் அலைநீளம் 12.5 சென்ரிமீற்றர். இரு உயரங்களையும் பெருக்கி, இரட்டித்து, அலைநீளத்தால் வகுத்தால் அப்படி அழியும் தூரம் 36 மீற்றர் என்று வரும். ஒரு அன்ரனாவை 2 மீற்றருக்கு உயர்த்திப் பாருங்கள். விடுபடும் இடம் 48 மீற்றருக்கு நகர்ந்தால் நிரலைச் சந்தேகிக்கத் தேவையில்லை.

இதை ஓடிக்கொண்டு அளக்க வேண்டாம். வாகனப் போக்குவரத்துக் குறைந்த நேரான உள்வீதியில் 10 முதல் 100 மீற்றர் வரை ஐந்தைந்து மீற்றராக, 25க்கும் 55க்கும் இடையில் இரண்டிரண்டு மீற்றராகக் காரை நகர்த்தி நிறுத்தி, ஒவ்வொரு இடத்திலும் 500 பொதிகள் (சிறு தகவல் துண்டுகள்) அனுப்புங்கள். ஏ9 நெடுஞ்சாலை இதற்குச் சரிவராது. குறுக்கே ஒரு பஸ் வந்தாலே கணக்குக் குழம்பும், ஆபத்தும் கூட.

பலர் கோட்டை விடுவது இங்கேதான்: ஒரு குறித்த முகவரிக்கு அனுப்பினால், கிடைக்காத பொதியைப் பலகை தானாகவே திரும்ப அனுப்பும், உண்மையான இழப்பு மறைந்துவிடும். எல்லோருக்குமான ஒலிபரப்பாக அனுப்பி, ஒவ்வொரு பொதிக்கும் தொடர் இலக்கம் போடுங்கள். நடுவில் இலக்கம் விடுபட்டால் அலைப் பிரச்சினை. திடீரென 1இலிருந்து தொடங்கினால் மின் தடைப்பட்டுப் பலகை மீளத் தொடங்கியிருக்கிறது. பலகைக்கு மின் எடுக்கும் சிகரெட் லைற்றர் பிளக்கை ஆட்டிப் பாருங்கள்.

பிறகு ஓட்டம். மணிக்கு 60 கிலோமீற்றரில் கார் செக்கனுக்கு 16.7 மீற்றர் போகும், நியோ-6எம் ஜி.பி.எஸ். வழமையாகச் செக்கனுக்கு ஒருமுறைதான் இடம் சொல்லும். அதை 5 தடவையாக்குங்கள். ஆனால் அது பலகைக்குத் தகவல் அனுப்பும் 9600 போட் (செக்கனுக்கு 9600 பிற்) வேகத்தில் அதன் எல்லா வரிகளும் ஐந்து தடவை போகாது, நெரிந்து பிந்தும். இடம், வேகம், நேரம் மூன்றும் உள்ள ஆர்.எம்.சி. வரியை மட்டும் விட்டு மற்றவற்றை நிறுத்துங்கள். இரு கார்களின் பதிவுகளையும் ஜி.பி.எஸ். நேரத்தை வைத்தே பொருத்த வேண்டும், பலகையின் கடிகாரம் விலகும். எஸ்.டி. அட்டையில் பொதிக்குப் பொதி எழுதாமல் சேர்த்து எழுதுங்கள். எழுதும் தாமதமும் இழப்புப் போலவே தெரியும்.

ஓட்டோவில் செய்வதானால் காந்த அன்ரனா றெக்சின் கூரையில் ஒட்டாது. 15 சென்ரிமீற்றர் சதுரத் தகரத்தை மேலே கட்டி அதில் வையுங்கள்.

வாகனத் தொடர்புக்கென உள்ள 5.9 கிகாஹேர்ட்சுக்கு இந்த எண்களை அப்படியே கொண்டுபோகாதீர்கள்: அதே உயரத்தில் தகவல் விடுபடும் இடம் ஏறத்தாழ 88 மீற்றரில் விழும்.