எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு பிராசசர்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கணினி சும்மா இருக்கும் நேரத்தை அறிவியல் ஆய்வுகளுக்குக் கொடுக்க உதவும் பாயிங்க் மென்பொருளைப் பற்றி இப்பகுதியில் எழுதியதிலிருந்து, கோவை, ஈரோடு, திருப்பூர், கரூர், நாமக்கல் பக்கங்களிலிருந்து கடிதங்கள் வந்தவண்ணம் இருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை கேட்பது ஒன்றைத்தான்: இரண்டு மூன்று திட்டங்களில் சேர்ந்த பிறகு, பிராசசரின் உழைப்பு அவற்றுக்குள் சரியாகப் பங்கிடப்படுகிறதா?

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சிறு முன்குறிப்பு. வேற்றுலக உயிர்களின் ரேடியோ சமிக்ஞைகளைத் தேட, 1999 மே 17 அன்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் செட்டி அட் ஹோம் தொடங்கப்பட்டது. எந்த ஆய்வுத் திட்டமும் இதே முறையில் தன்னார்வலர்களின் கணினிகளைப் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று, டேவிட் ஆண்டர்சன் தலைமையில் அங்கேயே உருவாக்கப்பட்ட பொது மென்பொருள்தான் பாயிங்க். 2020 மார்ச் இறுதியில் செட்டி திட்டம் புதிய பணிகளை அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. பாயிங்க் வழியாக இயங்கும் பிற திட்டங்கள் தொடர்கின்றன.

கேள்வி (கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஓர் ஆசிரியை): ஐயா, புரதங்களை ஆராயும் ரோசெட்டா, விண்வெளியிலிருந்து வரும் ஈர்ப்பலைகளைத் தேடும் ஐன்ஸ்டைன் ஆகிய இரண்டு திட்டங்களுக்கும் ஆளுக்கு 100 என்று பங்கு வைத்திருக்கிறேன். என்னுடையது நான்கு கோர் (பிராசசருக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதி) உள்ள கணினி. மூன்று நாட்களாக நான்கு கோர்களிலும் ரோசெட்டாவே ஓடுகிறது. எங்கள் கீழ்பவானி வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதுபோல இரண்டுக்கும் மாற்றி மாற்றிக் கிடைக்க வேண்டாமா? செய்த பணிக்காகத் திட்டங்கள் கொடுக்கும் புள்ளிகளும் சமமாக ஏறவில்லை.

பதில்: முறைத் தண்ணீரோடு ஒப்பிட்டது நல்லதாகப் போயிற்று, ஏனெனில் பாயிங்க் வேறுபடுவதே அந்த இடத்தில்தான். வாய்க்காலில் உங்கள் மதகுக்கான முறை நாளில் தண்ணீர் வரவில்லை என்றால் அந்த முறை போனது போனதுதான். பாயிங்கிலோ, ஒரு திட்டம் இழந்த முறை அதன் பெயரில் பாக்கியாக நிற்கும். அடுத்தடுத்த நாட்களில் அது ஈடு செய்யப்படும்.

நீங்கள் வைத்த 100, 100 என்பவை மணிக்கணக்கும் அல்ல, விழுக்காடும் அல்ல, வெறும் விகிதம். இரண்டையும் 7, 7 என்று மாற்றினாலும் விளைவு ஒன்றே. பாயிங்கின் மேலாளர் சாளரத்தை விரிவான தோற்றத்துக்கு மாற்றி, திட்டங்களின் பட்டியலைத் திறந்தால், ஒவ்வொரு திட்டத்துக்கும் எதிரில் நீங்கள் கொடுத்த எண்ணும், அதையடுத்து அடைப்புக்குறிக்குள் விழுக்காடும் தெரியும். உங்கள் கணினியில் இரண்டுக்கும் 50 என்று இருக்கும். அந்த ஐம்பது இன்றைய நாளுக்கான உறுதிமொழி அன்று. நீண்ட ஓட்டத்தில் எட்ட வேண்டிய இலக்கு.

ஒவ்வொரு திட்டமும் அண்மையில் உங்கள் கணினியிடமிருந்து எவ்வளவு உழைப்பைப் பெற்றது என்று பாயிங்க் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. பழைய உழைப்பின் எடை அந்தக் கணக்கில் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே வரும். இயல்பான அமைப்பில் 10 நாளில் பாதியாகிவிடும். பங்கோடு ஒப்பிடுகையில் எந்தத் திட்டம் குறைவாகப் பெற்றிருக்கிறதோ, அதனிடமே அடுத்த பணி கேட்கப்படும். ஆகவே மூன்று நாட்களை மட்டும் வைத்து முடிவு கட்டுவது சரியாகாது. ஒரு மாதம் கைவைக்காமல் விட்டுவிட்டுப் பிறகு பாருங்கள்.

ரோசெட்டா முந்திக்கொள்வதற்குக் காரணம் கெடுவாகத்தான் இருக்கும். ஐன்ஸ்டைன் பணிகளை முடித்துத் தர வழக்கமாக இரண்டு வாரம் அவகாசம் உண்டு. ரோசெட்டாவில் அது சில நாட்களே. கைவசம் உள்ள ஒரு பணி கெடுவுக்குள் முடியாது என்று தோன்றினால், பாயிங்க் விகிதத்தைத் தற்காலிகமாக ஒதுக்கிவைத்துவிட்டு, எந்தப் பணியின் கெடு முந்தியதோ அதை முதலில் ஓட்டும். அப்படி அதிகம் பெற்ற ரோசெட்டாவின் கணக்கு ஏறிவிடுவதால், அடுத்து வரும் நாட்களில் ஐன்ஸ்டைனின் கை ஓங்கும். பட்டியலில் ஒரு திட்டத்தைத் தேர்ந்தெடுத்து அதன் பண்புகளைத் திறந்தால், முன்னுரிமை என்ற இடத்தில் பெரும்பாலும் கழித்தல் குறியுடன் ஓர் எண் இருக்கும். எந்தத் திட்டத்தின் எண் சுழியத்துக்கு அருகில் இருக்கிறதோ அதற்கே அடுத்த வாய்ப்பு. இரண்டு எண்களையும் சில நாட்கள் குறித்துவைத்துப் பார்த்தால், ஒன்று ஏற மற்றொன்று இறங்குவது உங்களுக்கே விளங்கும்.

புள்ளிகளை வைத்து அளப்பதை விட்டுவிடுங்கள். ஒரே அளவு உழைப்புக்கு ஒரு திட்டம் தாராளமாகவும் மற்றொன்று சிக்கனமாகவும் புள்ளி கொடுப்பது பழைய வழக்கம். போதாததற்கு, ஐன்ஸ்டைனில் பெரும்பாலான பணிகளை இன்னொருவரின் கணினியும் செய்து, இரண்டு விடைகளும் ஒத்துப்போன பிறகே புள்ளி வரவு வைக்கப்படுகிறது. அந்த இன்னொருவர் தாமதித்தால் உங்கள் புள்ளியும் தாமதிக்கும். புள்ளி சமமாக வேண்டும் என்று பங்கை நாள்தோறும் மாற்றுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் கணினியில் எந்த விகிதமும் நிலைபெறுவதற்கு வாய்ப்பே இல்லை.

கேள்வி (கோவை பீளமேட்டிலிருந்து ஒரு பொறியியல் மாணவர்): நான் கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினி வைத்திருக்கிறேன். அதே இரண்டு திட்டங்கள், அதே சம பங்கு. ஆனால் பிராசசர் முழுவதும் ரோசெட்டாவுக்கும், கார்டு முழுவதும் ஐன்ஸ்டைனுக்கும் போய்விட்டது; மாதக்கணக்கில் மாறவே இல்லை. பங்கின்படி உழைப்பு பிரியும் என்ற விதியே பொய்த்துவிட்டதா?

பதில்: பொய்க்கவில்லை; விதி எதை அளக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பங்கு என்பது பிராசசருக்குத் தனியாகவும் கார்டுக்குத் தனியாகவும் கணக்கிடப்படுவதில்லை. இரண்டும் சேர்ந்த மொத்தக் கணிப்புத் திறனுக்கு ஒரே கணக்குதான். ஓர் எடுத்துக்காட்டுக்கு, உங்கள் பிராசசரின் திறனை 100 என்றும், கார்டின் திறனை 900 என்றும் வைத்துக்கொள்வோம். ரோசெட்டா பிராசசரை மட்டுமே பயன்படுத்துகிறது. ஐன்ஸ்டைனுக்கு இரண்டும் ஆகும். கார்டை ஓட்டுவதற்கு ஐன்ஸ்டைனைத் தவிர ஆள் இல்லாததால், அதன் கணக்கில் தானாகவே 900 சேர்ந்துவிடுகிறது. உரிய பங்கோ 500 மட்டுமே. எனவே பிராசசரின் 100 முழுவதையும் ரோசெட்டாவுக்குக் கொடுத்தாலும் அது பின்தங்கியே நிற்கும். பாயிங்க் செய்வது அதைத்தான்.

பிராசசரிலும் ஐன்ஸ்டைன் ஓட வேண்டும் என்றால், 100க்கு 150 என்று மாற்றுவது பயன் தராது. மேற்சொன்ன எடுத்துக்காட்டில் ஐன்ஸ்டைனின் பங்கை 95 விழுக்காடு அளவுக்கு உயர்த்தினால்தான் பிராசசர் பாதிக்குப் பாதி பிரியும். அதைவிட நேரான வழி, ஆப் கான்ஃபிக் (app_config.xml) என்ற அமைப்புக் கோப்பை ரோசெட்டாவின் அடைவில் (கோப்புறையில்) வைத்து, ஒரே நேரத்தில் இத்தனை பணிகளுக்கு மேல் ஓடக்கூடாது என்று உச்சவரம்பு எழுதிவிடுவது. எட்டு கோர்களில் நான்குக்கு மேல் ரோசெட்டா போகாது என்றால், மீதியை ஐன்ஸ்டைன் எடுத்துக்கொள்ளும். கார்டில் ஓடும் பணிக்கும் பிராசசரின் துணை வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். சில கார்டுகளில் அது ஒரு முழு கோரையே பிடித்துக்கொள்ளும்.

ஆனால் என்னைக் கேட்டால், உங்கள் கணினியின் இப்போதைய நிலையே நல்லது என்பேன். கார்டைப் பயன்படுத்தத் தெரிந்த திட்டம் கார்டிலும், தெரியாத திட்டம் பிராசசரிலும் இருக்கின்றன. இரண்டு ஆய்வுகளுக்கும் இதில் நட்டமில்லை.

கேள்வி (கரூரிலிருந்து ஒரு வாசகர்): எங்கள் பகுதியில் இணையம் அடிக்கடி அறுந்துபோகும் என்பதால், 10 நாளுக்கு வேண்டிய பணிகளை முன்கூட்டியே இறக்கிவைக்கும்படி அமைத்தேன். இப்போது பாதிப் பணிகள் கெடு தாண்டிப் போகின்றன. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் ஓடிக்கொண்டிருந்த வேலையும் வீணாகிறது. பங்கை மாற்றியும் பலன் இல்லை.

பதில்: உங்கள் சிக்கல்களில் முதலாவதற்கும் மூன்றாவதற்கும் வேர் அந்தப் பத்து நாள்தான். பங்கை மாற்றினால், இனி எந்தத் திட்டத்திடம் பணி கேட்பது என்பதுதான் பெரும்பாலும் மாறும். ஏற்கெனவே வந்து குவிந்துவிட்ட பணிகள் வந்தவைதாம். பத்து நாள் குவியலில் மூன்று நாள் கெடுவுள்ள பணிகளும் இருந்தால், பாயிங்குக்கு விகிதம் பார்க்க நேரம் ஏது? தீயணைப்பதுபோல் கெடு கெடுவாகவே ஓட்டிக்கொண்டிருக்கும். இயல்பாக அது வைத்திருக்கும் இருப்பு 0.1 நாளும், கூடுதலாக 0.5 நாளும்தான். இணையம் ஒரு நாள் முழுக்க வராமல் போகுமென்றால் 1 நாள் இருப்பு வையுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

இப்போது குவிந்திருப்பவற்றுள், கெடுவுக்குள் தொடக்கூட முடியாது என்று தெரிபவற்றை நீங்களே ரத்து செய்துவிடுங்கள். அது குற்றமல்ல. ரத்து செய்த செய்தி சர்வருக்குப் போனவுடன் அதே பணி வேறொருவருக்கு அனுப்பப்படும். சும்மா வைத்திருந்தாலோ கெடு முடியும்வரை ஆய்வாளர்கள் காத்திருக்க வேண்டும். ரத்து செய்யும் முன், அந்தத் திட்டங்களில் புதிய பணி வேண்டாம் என்ற பொத்தானை அழுத்திவிடுவது முக்கியம். இல்லாவிட்டால் ஒருபுறம் கழிக்கக் கழிக்க மறுபுறம் வந்து நிறையும். வண்டி சீரானதும் அந்தத் தடையை எடுத்துவிடலாம்.

மின்தடையைப் பொறுத்தவரை, பெரும்பாலான பணிகள் தாம் செய்து முடித்த அளவை இடையிடையே வட்டில் எழுதிவைக்கும். மின்சாரம் வந்ததும் அந்த இடத்திலிருந்து தொடரும். இடைநிறுத்திய பணிகளை நினைவகத்தில் வைத்திரு என்ற அமைப்பு, ஒரு திட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது இழப்பைத் தவிர்க்குமே தவிர, மின்சாரம் போனால் உதவாது. நிறுத்தம் முன்கூட்டியே அறிவிக்கப்படுவதால், அன்று காலை கணினியை முறையாக அணைத்துவிடுங்கள். காலநிலைக் கணிப்புத் திட்டத்தில் உள்ளவற்றைப் போல ஒரு பணியே பல நாள் ஓடக்கூடியதாக இருந்தால், இந்த முன்னெச்சரிக்கை இன்னும் அவசியம்.

கேள்வி (திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனமொன்றில் கணக்குப் பார்க்கும் வாசகர்): கரண்ட் பில் எவ்வளவு ஏறும்? அலுவலகக் கணினிகளிலும் இதைப் போட்டுவிடலாமா?

பதில்: இரண்டாவதற்கு முதலில் பதில்: முதலாளியின் அனுமதி இல்லாமல் கூடாது. மின்சாரமும் கணினியும் அவருடையவை.

வீட்டுக் கணக்கு எளியது. முழு வேகத்தில் ஓடும்போது கூடுதலாக 100 வாட் இழுக்கும் கணினி என்றால், 24 மணி நேரத்துக்கு 2.4 யூனிட், மின்வாரியம் கணக்கெடுக்கும் இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 144 யூனிட். இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை உங்கள் வீட்டு விளக்கும் மின்விசிறியுமே தின்றுவிட்டிருக்கும் என்பதால், இது முழுக்கக் கட்டணத்தில்தான் சேரும். ஏற்கெனவே 400 யூனிட்டுக்கு அருகில் செலவழிக்கும் வீடாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும்; 500ஐத் தாண்டியவுடன் கீழ்ப்படிகளில் உள்ள யூனிட்டுகளுக்கும் விலை கூடிவிடுகிறது. இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை மட்டும் ஓடும்படி நேரம் குறித்துவிட்டால் 144 என்பது 48 ஆகிவிடும். நேரத்தைக் குறைப்பதால் திட்டங்களுக்கிடையிலான விகிதம் மாறாது. எல்லாம் அதே அளவில் குறையும்.

சித்திரை, வைகாசி வெயிலில் கணினி கொதிக்கிறது என்றால், பிராசசர் நேரத்தில் இத்தனை விழுக்காடு என்ற அமைப்பைத் தொடாமல், கோர்களில் இத்தனை விழுக்காடு என்ற அமைப்பைக் குறையுங்கள். முன்னது பணிகளை நொடிக்கு நொடி நிறுத்தி நிறுத்தி ஓட்டுவதால் விசிறியின் இரைச்சலும் ஏறி ஏறி இறங்கும். பின்னது சில கோர்களை அமைதியாக ஓய்வில் விட்டுவிடும். நான்கில் இரண்டு போதும்.

கேள்வி (நாமக்கல்லிலிருந்து ஒரு மாணவி): எனக்குப் புரத ஆய்வில் மட்டுமே ஆர்வம். ஒரு திட்டத்தின் பங்கைச் சுழியம் என்று வைக்க முடிகிறதே, அப்படி வைத்தால் என்ன ஆகும்?

பதில்: அந்தத் திட்டம் மாற்று ஆளாக ஆகிவிடும். மற்றத் திட்டங்களிடம் பணியே இல்லாதபோது மட்டும் அதனிடம் கேட்கப்படும். இருப்பும் சேர்க்காது, சும்மா இருக்கும் கோருக்கு வேண்டியதை மட்டும் வாங்கும். புரத ஆய்வில் மட்டுமே ஆர்வம் என்று சொல்லும் உங்களுக்கு இது பொருத்தமான அமைப்பு. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பேக்கரின் ஆய்வகத்தில் பிறந்த திட்டம் ரோசெட்டா; அவர் 2024ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். ஆனால் அங்கே பணிகள் எப்போதும் இருப்பதில்லை. சில வாரங்கள் வறண்டும் போகும். ரோசெட்டாவுக்கு 100 வைத்து, டொராண்டோவின் கிரெம்பில் ஆய்வு நிறுவனம் 2021இல் ஐபிஎம்மிடமிருந்து ஏற்றுக்கொண்ட வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட் என்ற திட்டத்துக்கோ ஐன்ஸ்டைனுக்கோ சுழியம் வைத்துவிடுங்கள். இந்த எண்ணை மாற்றும் இடம் அந்தந்தத் திட்டத்தின் இணையதளத்தில் உங்கள் கணக்குக்குள் இருக்கிறது. மாற்றிய பிறகு, கணினியில் அந்தத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்துப் புதுப்பி என்பதை அழுத்தினால் உடனே நடைமுறைக்கு வரும்.

கேள்வி (உடுமலைப்பேட்டை வாசகர்): ஃபோல்டிங் அட் ஹோம் திட்டத்தையும் இந்தப் பங்கீட்டுக்குள் கொண்டுவரலாமா?

பதில்: முடியாது. புரதங்கள் மடியும் விதத்தை ஆராய 2000இல் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய தனித் திட்டம் அது. தனக்கென்று சொந்த மென்பொருள் வைத்திருக்கிறது. பாயிங்குக்கு அது இருப்பதே தெரியாது. இரண்டையும் சேர்த்து ஓட்டினால் ஒரே கோருக்கு இரண்டும் போட்டியிட்டு, இரண்டின் பணிகளும் தாமதமாகும். பாயிங்கில் கோர்களின் விழுக்காட்டைக் குறைத்து, மீதமுள்ள கோர்களின் எண்ணிக்கையை ஃபோல்டிங் மென்பொருளில் நீங்களே குறித்துவிடுங்கள்.