மணலில் படரும் ராமிஸ்கோ

கேள்வி: போர்ச்சுகலின் ராமிஸ்கோ திராட்சையை ஒட்டுக்கட்டாமலே நடுகிறார்களாமே? மணல் இருந்தால் போதுமா?

பதில்: போதாது. லிஸ்பனுக்கு வடமேற்கே, சிண்ட்ரா மலைக்கும் அட்லாண்டிக் கடலுக்கும் இடையில் இருக்கும் கொலாரெஸ்தான் இதன் ஊர். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த ஃபைலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி, களிமண் வெடிப்புகள் வழியாக வேருக்கு வேர் பரவும். மணலில் வெடிப்பு விழாது, அதனால் பூச்சிக்குப் பாதை இல்லை. மற்ற ஊர்க்காரர்கள் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டித் தப்பித்தார்கள். கொலாரெஸ் மணலுக்கு அந்த வேலை வரவில்லை.

ஆனால் மணல் கொடிக்குச் சோறு போடாது. சத்தும் ஈரமும் அடியில் உள்ள களிமண்ணில்தான். அதுவரை பள்ளம் வெட்டுவார்கள். சில இடங்களில் ஒரு மீட்டர், சில இடங்களில் பல மீட்டர். போத்தின் அடியைக் களிமண்ணில் ஊன்றி, தளிர் உயர உயரக் கொஞ்சம் கொஞ்சமாக மணலைத் தள்ளி மூடுவார்கள். ஆபத்து வெட்டும்போதுதான். பக்கச் சுவர் சரிந்தால் ஆள் உள்ளே. அந்தக் காலத்தில் தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு வெட்டினார்கள். புதைந்தாலும் தோண்டி எடுக்கும்வரை மூச்சுவிடக் கூடைக்குள் காற்று இருக்கும்.

பந்தல் கிடையாது. கடற்காற்றுக்குப் பயந்து கொடி தரையிலேயே படர்கிறது. குறுக்கே காய்ந்த நாணல் தட்டிகள் காற்றைத் தடுக்கும். காய் பழுக்கும் நேரத்தில் சிறு நாணல் குச்சியால் கிளைக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். கொத்து மணலில் கிடந்தால் வெயிலில் வெந்துபோகும், ஈரம் பட்டால் அழுகும். செடி பட்டுப்போன இடத்தை, பக்கத்துக் கொடியைப் பதியம் போட்டே நிரப்பலாம். ஒட்டுச்செடித் தோட்டத்தில் இந்த வசதி இல்லை: பதியம் விடும் வேர் ஐரோப்பிய வேர், பூச்சிக்கு இரை.

கேள்வி: வாங்கிய ராமிஸ்கோ ஒயின் வாயெல்லாம் துவர்க்கிறது. கெட்டுவிட்டதா?

பதில்: வினிகர் வாடை அடித்தால் கெட்டது. வெறும் துவர்ப்பும் புளிப்பும் என்றால் இளசு, அவ்வளவுதான். பழம் சின்னது, தோல் தடிமன். சாற்றின் அளவுக்குத் தோல் அதிகம் என்பதால், துவர்ப்பைத் தரும் டானினும் அதிகம். இத்தனைக்கும் ஆல்கஹால் பெரும்பாலும் 11, 12 சதவீதத்தைச் சுற்றியே இருக்கும். இளம் ஒயினை அகன்ற கூஜாவில் ஊற்றி ஒரு மணி நேரம் வைத்து, 16 முதல் 18 டிகிரி செல்சியஸில் கொழுப்புள்ள இறைச்சியோடு குடியுங்கள். சும்மா குடிப்பது நாக்குக்குத் தண்டனை. பழைய புட்டி என்றால் முதல் நாளே நிமிர்த்தி வைத்து, மண்டி கலங்காமல் ஊற்றி உடனே குடியுங்கள். பத்து ஆண்டு கழித்துத் திறந்தாலும் தாங்கும் ரகம் இது.

கேள்வி: இவ்வளவு நல்லதென்றால் ஏன் கிடைப்பதில்லை?

பதில்: தலைநகருக்குப் பக்கத்தில் கடலோர நிலம். கொடி தரும் காசைவிட வீட்டுமனை தரும் காசு அதிகம். கொலாரெஸ் 1908இல் எல்லை வகுத்துப் பாதுகாக்கப்பட்ட ஒயின் பகுதி, 1931இல் தொடங்கிய கூட்டுறவு ஒயின் ஆலை இன்றும் இயங்குகிறது, சுருங்கியது தோட்டம்தான். பெரும்பாலும் அரை லிட்டர் புட்டியில் வரும்.