மூன்று பேர், மூன்று விதம்: ஃபாரஸ்ட் ஆஃப் டீன் போங்கள்
நீங்கள் நன்றாக சைக்கிள் ஓட்டுவீர்கள், மனைவிக்குப் பழக்கம் குறைவு, மகளுக்கு ஒன்பது வயது, மூவருக்கும் ஒரே இடம் வேண்டும் என்றால் நான் சொல்வது இங்கிலாந்தின் க்ளாஸ்டர்ஷயரில் இருக்கும் ஃபாரஸ்ட் ஆஃப் டீன் காடுதான். கேனப் சைக்கிள் மையத்திலிருந்து கிளம்புங்கள். பழைய ரயில் தடத்தில் போகும் குடும்பப் பாதையில் அவர்கள் இருவரும் நிம்மதியாக ஓட்டலாம். மகளுக்குக் கை பழகியதும் நீல நிற (நடுத்தரக் கடினம்) வெர்டரர்ஸ் பாதை, 11 கிலோமீட்டர். ஏறும்போது மூச்சு வாங்கும், ஆனால் இறக்கம் அத்தனை சுகம், அவளுக்கு ரொம்பப் பிடிக்கும் பாருங்கள். சிவப்பு நிற (கடினமான) ஃப்ரீமைனர்ஸ் பாதை உங்களுக்கு மட்டும், அவளை இப்போது அதில் இறக்கவே வேண்டாம்.

அப்புறம், காட்டை விட்டு வெளியே போனால் வரைபடம் பார்த்துப் போங்கள்: பிரிடில்வேயில் (குதிரையில் போகவும் உரிமையுள்ள பொதுப் பாதை) 1968 கண்ட்ரிசைட் சட்டப்படி சைக்கிள் ஓட்டலாம், நடப்பவர்களுக்கும் குதிரையில் வருபவர்களுக்கும் வழி விடவேண்டும்; ஃபுட்பாத்தில் (நடப்பவர்களுக்கு மட்டுமான பொதுப் பாதை) அந்த உரிமை கிடையாது.